வன்னியில் அடிக்கும் மினிசூறாவளியை ராடாரால் முன்கூட்டியே சொல்ல முடியாதா?

புயலை மூன்று நாளுக்கு முன்னரே சொல்கிறார்கள், மினிசூறாவளியை ஏன் சொல்வதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிளிநொச்சிக்காரன், ராடார் தரவுகளை வைத்து ஆய்வு செய்கிறேன். இதே கேள்விதான் என்னை இந்தப் படிப்புக்குள் இழுத்தது. ஒரு சிறுபோக அறுவடை முடிந்து வீதியோரம் நெல் காயப் போட்டிருந்தோம். மூன்று மணிக்கு வெயில் கொளுத்தியது. நாலு மணிக்கு அயல்வீட்டுத் தகரம் எங்கள் வளவுக்குள் கிடந்தது, நெல் வாய்க்காலோடு போயிருந்தது.

சூறாவளி என்று சொன்னாலும் பெரும்பாலும் அது சுழல்காற்று அல்ல. இடிமுகிலுக்குள் சேர்ந்த மழைநீரின் பாரத்தாலும், துளிகள் ஆவியாகும்போது வரும் குளிராலும் காற்று மொத்தமாகக் கீழே விழுகிறது. தரையில் மோதி நாலாபக்கமும் பாய்கிறது. மோசமான காற்று சில நிமிடம்தான்.

வழக்கமான ராடாரின் கிண்ணம் ஒரு கோணத்தில் ஒரு சுற்று, கொஞ்சம் உயர்த்தி இன்னொரு சுற்று என்று வானத்தைப் பார்த்து முடிக்க நாலைந்து நிமிடம் பிடிக்கும். ஒரு படத்தில் மழைக்கரு, அதாவது முகிலுக்குள் மழை செறிந்த பகுதி, உயரத்தில் நிற்கும், அடுத்த படத்தில் தரைக்கு வந்துவிட்டிருக்கும். நடுவில் அது விழுவதைத்தானே நாம் பார்க்க வேண்டும்! ஃபேஸ்ட் அரே (phased array) என்ற வகை ராடாரில் கிண்ணமே இல்லை. சிறு அன்ரனாக்கள் நிறைந்த ஒரு தட்டையான பலகை, ரேடியோ அலைக் கற்றையை மின்னணு முறையில் நொடிக்குள் திருப்பும். அமெரிக்காவின் நோர்மனில் கடற்படைக் கப்பல் ராடாரின் அன்ரனாவையே இதற்கு மாற்றினார்கள். 2010இல் நடந்த சுழல்காற்று எச்சரிக்கைச் சோதனை ஒன்றில், 43 விநாடிக்கு ஒரு படம் பார்த்த முன்னறிவிப்பாளர்கள், நாலரை நிமிடத்துக்கு ஒரு படம் பார்த்தவர்களைவிட முந்தி எச்சரித்தார்கள்.

ஆனால் வேகம் மட்டும் எங்களுக்குப் போதாது. காரைக்காலில் உள்ள இந்திய ராடார் முல்லைத்தீவிலிருந்து சுமார் 200 கிலோமீற்றர். பூமியின் வளைவால் அதன் தாழ்ந்த கற்றைகூட எங்கள் தலைக்கு மேல் நாலு கிலோமீற்றர் உயரத்தில் போகிறது. முகில் தெரியும், கூரையைப் பிடுங்கும் காற்று தெரியாது. ஜப்பானின் ஒசாகாவில் 2012இல் வைத்த ஃபேஸ்ட் அரே ராடார், சுற்றிவர 60 கிலோமீற்றர் தூரம் வரை 30 விநாடியில் பார்த்து முடித்தது. அப்படி ஒன்றைக் கிளிநொச்சியில் நிறுத்தினால் முல்லைத்தீவு, மாங்குளம், யாழ்ப்பாணம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். என் ஆசை அதுதான்.

அதுவரை, புழுக்கமான பின்னேரத்தில் இடி முழங்க, திடீரென்று குளிர்காற்று முகத்தில் அடித்தால் அது விழுந்து பரவும் காற்றின் முன்னணி. நெல்லை விட்டுவிட்டு வீட்டுக்குள் போங்கள், மரத்தடியில் நிற்காதீர்கள்.