குளத்து மீன், தொட்டி மீன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, யாங்கோன் கிட்ட துவாந்தே பக்கம் ரெண்டு குளம் வெச்சிருக்கோம். ஙாமிச்சின் வளர்த்து சலிச்சுப் போச்சு. நாட்டு ஙாக்கூ, அதான் நாட்டுக் கெளுத்தி, குஞ்சு வாங்கலாம்னா எங்கயும் சரியா கிடைக்கல, எல்லாம் ஆப்பிரிக்கக் கெளுத்தி கலப்பு தான். தாய் மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டா நாமளே பொரிச்சுக்கலாம்ங்கிறாங்க, நெஜமா?

பதில்: நெஜம் தான் தம்பி, ஆனா ஊசி இதுல சின்ன வேலை. நீங்க சலிச்சுக்கிற ஙாமிச்சின் கூட, அதான் ரோகு, ஊசியால பெருகின மீன் தான். ஓடுற ஆத்துல முட்டை போடுற ஜாதி, தேங்கின குளத்துல போடாது. 1957ல ஒடிசாவுல ஹிராலால் சவுத்ரிங்கிற இந்திய விஞ்ஞானி மீனோட பிட்யூட்டரி சுரப்பியை எடுத்துக் கரைச்சு ஊசியா ஏத்தி கெண்டை மீனை முட்டை விட வெச்சாரு. இப்ப ரெடிமேட் ஹார்மோன் பாட்டில்லயே வருது.

ஙாக்கூவுல ஒரு சங்கடம் இருக்கு. மழை சீசன்ல வயிறு மெத்துனு இருக்கிற பெண் மீனுக்கு ஊசி போட்டு அப்புறம் வயித்தை அமுக்கினா முட்டை வந்துடும், ஆண் மீனை எப்படி அமுக்கினாலும் விந்து வராது, அறுத்து விந்துப்பையை எடுத்துத் தான் ஆகணும். அதனால நல்ல ஆணா நிறைய சேர்த்து வெச்சுக்குங்க.

பொரியறதுக்கு ஒரு நாள் சொச்சம் போதும். மூணு நாள் மஞ்சக்கரு தாங்கும், நாலாம் நாள் தான் இருக்கு வேடிக்கை! தவிட்டைத் தூவிட்டுப் போனீங்கன்னா தண்ணி நாறி மொத்தமும் வெள்ளையா மிதக்கும். ஆர்ட்டீமியா, இல்ல மொய்னா மாதிரி உயிரோட துள்ளுற தண்ணிப்பூச்சி தான் குடுக்கணும், அதை முன்கூட்டியே தனித்தொட்டில வளர்த்து வெச்சிருக்கணும். காத்து குடிக்கிற மீன் தானேனு தண்ணில காத்து ஏத்துற ஏரேட்டரை நிறுத்திடாதீங்க, முதல் 10, 12 நாள் குஞ்சுக்கு செவுளை விட்டா வேற வழி கிடையாது. பெருசு சிறுசைத் தின்னும், பிரிச்சுக்கிட்டே இருங்க. அப்புறம் உங்க குளத்துக் குஞ்சையே தாய் மீனாக்கி வருஷா வருஷம் ஓட்டாதீங்க, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணம் பண்ற கதையாயிடும், வெளியிலிருந்து புது மீன் சேர்க்கணும்.

கேள்வி: எங்க வீட்டுத் தொட்டில கேலக்ஸி ரஸ்போரா குஞ்சு பொரிச்சு ஏகத்துக்குப் பெருகிடுச்சு. டவுன்ஜி போறப்ப இன்லே ஏரியில விட்டா புண்ணியம் தானே? இங்க எல்லாரும் மீன் விடுறாங்களே. (யாங்கோன் வாசகி)

பதில்: வேணாம்மா. அந்த முத்துப்புள்ளி மீனோட ஊர் இன்லேயே இல்ல, ஷான் மாநிலத்து ஹோபோங் பக்கத்துல பாசி மண்டின சின்னக் குட்டைங்க. 2006ல தான் வெளியுலகத்துக்குத் தெரிஞ்சது, தெரிஞ்ச கையோட அக்வேரியம் வியாபாரத்துக்காக அள்ளோ அள்ளுனு அள்ளிட்டாங்க. இன்லேயில அதுக்கு நெருங்கின சொந்தக்கார மீன் வேற இருக்கு, அந்த ஏரியைத் தவிர எங்கயும் இல்லாத மீனுங்களும் இருக்கு, நம்ம தொட்டி நோயை அங்க கொண்டுபோய் விடறதுல என்ன புண்ணியம்? மீன் வளர்க்கிற நாலு பேருக்குக் குடுங்க, அந்த அளவுக்குக் குட்டையில வலை போடறது குறையும்.