ஈரல் சுருங்கிச் சிகிச்சையில் இருக்கும் அப்பாவுக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

உங்கள் அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது ஈரல் சுருக்கம். வயிற்றில் நீர் கட்டி, மருந்து நடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மீன் கூடாது, முட்டை கூடாது, கஞ்சியோடு வைத்திருங்கள் என்கிறார்கள், யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கும் இதே வருத்தம்தான். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினியில் சில வருடங்களாக அம்மாவின் சாப்பாட்டை யோசித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சமையல். நான் டொக்டர் இல்லை. ஆனால் கிளினிக்கில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: அப்பாவைப் பட்டினி போடாதீர்கள். பத்தியம் என்ற பெயரிலும் போடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நாம் சாப்பிடும் மாச்சத்தில் ஒரு பங்கை ஈரல் சேர்த்து வைத்து, இரவில் நாம் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்கு விடும். சுருங்கிப் போன ஈரலால் அவ்வளவு சேர்த்து வைக்க முடியாது. இருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் உடம்பு தசையைக் கரைத்துத்தான் சக்தி எடுக்கும். நல்ல உடம்புக்காரர் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் என்ன நடக்குமோ, அது இவர்களுக்கு ஒரே இரவில் நடந்துவிடுகிறது. போகிற தசை வெறும் பலம் மட்டுமல்ல. ஈரல் சரியாக வேலை செய்யாதபோது இரத்தத்தில் சேரும் அமோனியா என்ற கழிவை அகற்றுவதில் தசைக்கும் பங்கு உண்டு. தசை குறையக் குறைய தடுமாற்றம், மயக்கம், தொற்று எல்லாம் வருவதற்கு வழி திறக்கும்.

நிறுத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் வயிற்று நீரும் சேர்ந்துதான் தராசில் ஏறுகிறது. அம்மாவுக்கு நிறை குறையவில்லை என்று வீட்டில் எல்லோரும் ஆறுதலாக இருந்த நாட்களில், அவருடைய சட்டைக் கை தொளதொளவென்று தொங்கத் தொடங்கியிருந்தது. தோள்மூட்டுக்குக் கீழே எலும்பு தெரிந்தது. நாற்காலியில் இருந்து எழும்ப இரண்டு கையையும் ஊன்றினார். அதைப் பார்த்துத்தான் கிளினிக்கில் போஷாக்கு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். நீங்களும் அப்பாவின் வயிற்றைப் பார்க்காமல் கையையும் தொடையையும் பாருங்கள்.

இப்போது புரதத்துக்கு வருவோம், ஊரார் தடுப்பது அதைத்தான். ஐரோப்பிய ஈரல் நோய்ச் சங்கம் 2019இல் வெளியிட்ட போஷாக்கு வழிகாட்டி, சிரோசிஸ் உள்ளவருக்கு நிறையின் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும், உடல் பருமன் இல்லாதவருக்குக் கிலோவுக்குக் குறைந்தது 35 கிலோகலோரி சக்தியும் வேண்டும் என்கிறது. நீரைக் கழித்து 60 கிலோ இருக்கும் ஒருவருக்கு அது 72 முதல் 90 கிராம் புரதம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம் அளவு. ஒரு கப் பாலில் 8 கிராம். நல்ல கைப்பிடி அளவு மீன் துண்டில் 20 கிராம். கூட்டிப் பார்த்தால் புரியும், கஞ்சியோடு வைத்தால் பாதியைக் கூட எட்ட முடியாது.

எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். காலையில் இடியப்பத்தோடு கட்டியாகப் பருப்பும் ஒரு முட்டையும். பத்து மணிக்கு அவித்த கௌபி அல்லது கடலை, உப்பில்லாமல், தேங்காய்ப்பூ தூவி. மத்தியானம் சோறு கொஞ்சம், பாரையோ சூரையோ கறியாக, ஒரு கீரை. பின்னேரம் தயிர். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் அதிலும் குறையில்லை. பருப்பு, பயறு, பால், தயிர் இவற்றின் புரதம் இந்த வருத்தக்காரருக்கு இறைச்சிப் புரதத்தை விட இலகுவாகத் தாங்கும். சோயாமீற்றும் நல்லது, ஆனால் பெட்டியோடு வரும் அந்த மசாலாப் பொட்டலத்தை எறிந்துவிடுங்கள், அதில் உப்பு அதிகம். நீர் வயிற்றை அழுத்துவதால் இரண்டு வாய் சாப்பிட்டதும் போதும் என்பார்கள். அதனால்தான் மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து ஆறாகப் பிரிக்கிறோம்.

"புரதம் கொடுத்தால் தலைக்கு ஏறிவிடும்" என்று ஒருவராவது உங்களிடம் சொல்லியிருப்பார். முந்திய காலத்தில் வைத்தியர்களும் அப்படித்தான் புரதத்தைக் குறைத்தார்கள். இப்போது மூளைத் தடுமாற்றம் வந்தவருக்குக்கூடப் புரதத்தைக் குறைக்கச் சொல்வதில்லை. தடுமாற்றத்தைத் தூண்டுவது பெரும்பாலும் மலச்சிக்கல், தொற்று, உள்ளே இரத்தக் கசிவு, உடம்பில் நீர் வற்றுவது போன்றவை. மலத்தை இளக்கும் லக்டுலோஸ் மருந்து தந்திருந்தால் நாளுக்கு இரண்டு மூன்று தரம் இளக்கமாக வயிறு போக வேண்டும் என்பதுதான் கணக்கு. அது நடக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பகலில் தூங்கி இரவில் முழித்திருந்தாலோ, பேச்சு தடம் மாறினாலோ, நீட்டிய கை உதறினாலோ, வீட்டுச் சமையலில் வழி தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது, காய்ச்சலோடு வயிற்றுவலி, இவற்றுக்கும் அதேதான்.

எல்லாவற்றிலும் இலகுவாகச் செய்யக்கூடியதும் பலரும் செய்யாததும் இரவுத் தீன். படுக்கப் போகும் முன் ஏறக்குறைய 50 கிராம் மாச்சத்து உள்ள ஏதாவது கொடுக்க வேண்டும். மூன்று துண்டுப் பாணும் ஒரு கப் பாலும் போதும். காலையில் எழும்பியதும் தாமதிக்காமல் சாப்பாடு. நடுவில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வெறும் வயிறு கூடாது. அப்பாவுக்குச் சீனி வருத்தமும் இருந்தால் இரவில் சாப்பிடப் பயப்படுவார். அதற்காக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்றித் தருவார். ஈரல் மோசமானவர்களுக்கு இரவில் சீனி கீழே போகும் ஆபத்தும் உண்டு.

விரதம் எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினையாக இருந்தது. கந்தசஷ்டி ஆறு நாளும் அம்மா பால் பழத்தோடு இருப்பவர். நான் சொல்லிக் கேட்கவில்லை. கடைசியில் கோயில் ஐயரே, "அம்மா, வருத்தக்காரருக்கு விரதம் இல்லை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து கும்பிடுங்கோ" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மா முழுச்சாப்பாடு சாப்பிட்டார். அப்பாவும் சொல்வழி கேட்காதவர் என்றால், அவர் மதிக்கும் ஒருவரின் வாயால் சொல்ல வையுங்கள்.

உப்பைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். வயிற்றில் நீர் இருப்பவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 முதல் 6.5 கிராம் வரை, அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி. கறியில் போடுவதை மட்டும் கணக்குப் பார்க்கிறோம், ஆனால் மாசி, கருவாடு, ஊறுகாய், அப்பளம், சூப் கட்டி, டின் மீன், மிக்சர், ஏன் பாணில்கூட உப்பு இருக்கிறது. காலிமுகத்திடல் இறால் வடையை அவர் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் உப்பே இல்லாமல் செய்து அவர் தட்டைத் தள்ளிவிட்டுப் போனால் அது இன்னும் கெடுதல். தேசிக்காய், மிளகு, இஞ்சி, கொறுக்காய்ப் புளி, கறிவேப்பிலை இவற்றைக் கொஞ்சம் தாராளமாகப் பாவியுங்கள். சுப்பர்மார்க்கெட்டில் 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பை மட்டும் டொக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் சேர்க்கிறார்கள். நீர் இறங்கத் தரும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை குடிப்பவருக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறக்கூடும். செவ்விளநீர் குளிர்ச்சி என்று தினமும் கொடுப்பதையும் அதே காரணத்துக்காகக் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

கஷாயம் கொண்டுவரும் அன்பானவர்களுக்கு நான் நன்றி சொல்லி வாங்கி வைத்துவிடுவேன், கொடுக்க மாட்டேன். சீந்தில் போன்ற மூலிகைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்தியாவில் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். நல்ல ஈரல் தாங்குவதைச் சுருங்கிய ஈரல் தாங்காது. எந்த இலை, எந்தத் தூள் என்றாலும் பெயரோடு கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள். பால், சீனி குறைத்த கோப்பிக்குத் தடையில்லை, ஈரலுக்கு நல்லது என்றே ஆராய்ச்சிகள் சொல்கின்றன. சாராயம், பியர், வைன் ஒரு துளியும் வேண்டாம், எந்தக் காரணத்தால் ஈரல் கெட்டிருந்தாலும் சரி.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அம்மா வாழ்நாளில் குடிக்காதவர். கொழுப்பு படிந்து வந்த சிரோசிஸ் அது. றாகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானவர்களிடம் செய்த ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. ஆனாலும் "குடியா?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். அப்பாவிடமும் கேட்பார்கள். குடித்தவரோ குடிக்காதவரோ, நோயாளியிடம் கேட்கும் கேள்வி இல்லை அது. அவர் சாப்பிட உட்காரும் நேரத்தில் அப்படியான கதை எடுக்க யாரையும் விடாதீர்கள், பாதிச் சாப்பாடு அதிலேயே நின்றுபோகும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, கடந்த மூன்று நாள் அவர் சாப்பிட்டதை நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போஷாக்கு ஆலோசகரைப் பார்க்க ஒரு துண்டு எழுதித் தரும்படி டொக்டரிடம் கேளுங்கள். நீர் எடுத்த பிறகு இருக்கும் நிறையைக் குறித்து வாங்குங்கள், புரதக் கணக்கு அதை வைத்துத்தான் போட வேண்டும். இன்றைக்கு இரவே பாணும் பாலும் தொடங்கிவிடலாம், சீனி மருந்து எடுப்பவர் என்றால் முதலில் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.