கொம்புக்குள் இருந்த மருந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய ஆப்பிரிக்க மருந்துகளை இப்போது வேதிப் பரிசோதனை செய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவை நிஜமாகவே மருந்தா, வெறும் நம்பிக்கையா என்பது இதில் தெரிந்துவிடும் அல்லவா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தெரியாது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில், ஒரு பாறைக்குகையில் 2020-ல் ஒரு மாட்டுக்கொம்பு கிடைத்தது. புல்லாலும் இலையாலும் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார்கள். வயது சுமார் 500 ஆண்டுகள். உள்ளே காய்ந்து ஒட்டியிருந்ததைச் சோதித்ததில் லூபியோல், மோனோ மெத்தில் இனோசிட்டால் என்ற இரண்டு தாவர வேதிப்பொருள்கள் தெளிவாகத் தெரிந்தன. இரண்டுக்கும் மருத்துவக் குணம் உண்டுதான். ஆனால் லூபியோல் மாங்காயிலும் இருக்கிறது! எந்தச் செடி, எந்த நோய், குடித்தார்களா பூசினார்களா, இதையெல்லாம் எந்தக் கருவியும் சொல்லாது. அதைக் கையாண்ட வைத்தியர்தான் சொல்லியிருக்க முடியும்.

இது குகையில் கிடைத்தது. அருங்காட்சியக அலமாரியில் இருப்பவற்றில் இன்னொரு சிக்கல்: பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் ஆர்சனிக், பாதரசச் சேர்மங்களைத் தடவி வைத்தார்கள். மருந்தில் பாதரசம் தெரிந்தால், அது வைத்தியர் சேர்த்ததா, காப்பாளர் தெளித்ததா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம், "நம்பிக்கையா" என்று கேட்டீர்களே, கலபார் கொட்டை என்ற நச்சு விதையைப் பாருங்கள். இன்றைய நைஜீரியாவின் எஃபிக் மக்கள், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதைக் கொடுத்து உண்மையைச் சோதித்தார்கள். கொடுமையான வழக்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் வீரியத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். எடின்பரோ பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் 1855-ல் தானே கொஞ்சம் தின்று பார்த்துத் திண்டாடிப் போனார். 1864-ல் அதிலிருந்து பைசோஸ்டிக்மைன் என்ற வேதிப்பொருளைப் பிரித்தார்கள். 1877-ல் கண் அழுத்த நோய்க்கு அது மருந்தானது. வேதியியலாளர்களின் பெயரெல்லாம் வரலாற்றில் இருக்கிறது. கொட்டையை அறிமுகப்படுத்திய எஃபிக் பெரியவர்களின் பெயர்களை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

அதனால்தான் சோதனைக்கு முன்பே அந்தந்த ஊர் வைத்தியர்களை அழைக்க வேண்டும் என்கிறேன். சம்மதம் கேட்க மட்டுமல்ல, என்ன கேள்வி கேட்பது என்று முடிவு செய்யவும்தான். செடி, விலங்கு போன்ற உயிரினங்களின் மரபுவளத்தைப் பயன்படுத்திக் கிடைக்கும் பலனில், அதைத் தந்த நாட்டுக்கும் மக்களுக்கும் பங்கு தரச் சொல்லும் நகோயா ஒப்பந்தம் 2014-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே எடுத்துச் சென்றவை அதில் அடங்குமா என்பதில் நாடுகளுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அடங்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.