வாடகையே இஎம்ஐ கட்டிடுமா?

கேள்வி: இப்ப நாங்க குடியிருக்கற வீட்டுக்கு லோன் எல்லாம் அடைச்சாச்சு. அதை அடமானம் வெச்சு டவுன் பேமென்ட்டுக்கு பணம் எடுத்துட்டு, மீதிக்கு ஹோம் லோன் போட்டு, வாடகைக்கு விடறதுக்குன்னே இன்னொரு வீடு வாங்கலாம்ங்கறார் வீட்டுக்காரர். வாடகை இஎம்ஐயை விட கொஞ்சம் கூடவே வரும், அதுவே கட்டிக்கும்னு சொல்றார். எனக்குத்தான் பயமா இருக்கு.
- பேர் போட வேண்டாம்னு கேட்ட வாசகி

பதில்: உங்க பயம் நியாயமானதுதாங்க. முதல்ல ஒண்ணு, அவர் வாடகையை ஹோம் லோன் இஎம்ஐயோட மட்டும்தான் ஒப்பிடறார், அடமானம் வெச்சு எடுக்கற கடனுக்கும் மாசாமாசம் கட்டணுமே, அது கணக்குலயே வரல.

அதை விட்டுட்டு பாத்தாலும் இடிக்குது. இஎம்ஐ 100, வாடகை 105னு வெச்சுக்கோங்க. வருஷத்துக்கு வாடகை 1260. ஒரு ஆள் காலி பண்ணி அடுத்த ஆள் வர்றதுக்குள்ள ஒரு மாசம் சும்மா கெடந்தா 1155. வீட்டு வரி, இன்சூரன்ஸ், பெயின்ட், மோட்டார் ரிப்பேர்னு முழு வருஷ வாடகை 1260ல 15 சதவீதம் போச்சுன்னா கையில நிக்கறது 966. கட்ட வேண்டியது 1200. ரெண்டே கால் இஎம்ஐக்கு மேலயே உங்க சம்பளத்துலேந்துதான் போகணும், அதுவும் எல்லாம் ஒழுங்கா நடக்கற வருஷத்துல.

அடுத்தது வட்டி. 9 சதவீதம், 20 வருஷம்னா முதல் மாசம் கட்டற 100ல சுமார் 83 வட்டிக்கே போயிடும், அசல்ல கழியறது 17தான். ஃப்ளோட்டிங் ரேட்ல, அதாவது அப்பப்ப ஏறி எறங்கற வட்டில எடுத்து, ஆரம்பத்துலயே வட்டி 11 சதவீதம் ஆச்சுன்னா வட்டி மட்டுமே 102 கிட்ட வந்துடும், அப்ப பழைய 100ஐயே கட்டிட்டிருந்தா அசல் குறையாது, ஏறும். 20 வருஷத்துலயே முடிக்கணும்னா இஎம்ஐ 115 ஆகும். வட்டி ஏறிச்சுன்னு வாடகைக்கு இருக்கறவங்க கூட கொடுக்க மாட்டாங்க, அந்த ஏரியால என்ன வாடகை போகுதோ அதுதான் கிடைக்கும். அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, வட்டி 2 சதவீதம் ஏறினா எவ்வளவு கட்டணும்னு பேங்க்லயே கேட்டு எழுதி வாங்கிடுங்க.

எல்லாத்தையும் விட எனக்கு உறுத்தறது அந்த அடமானம்தான். வாடகை வீடு சொதப்பினா அந்த வீட்டோட போகணும், நீங்க படுத்து எந்திரிக்கற வீடு வரைக்கும் வரக் கூடாது. டவுன் பேமென்ட்டை சேத்து வெச்சே வாங்குங்க, ரெண்டு மூணு வருஷம் தள்ளிப் போனாலும் பரவால்ல. அதுக்கு மேல ஆறு மாச இஎம்ஐ, நினைச்ச உடனே எடுக்கற மாதிரி தனியா இருக்கணும். உங்க வீட்டுக்காரர்கிட்ட, "நாலு மாசம் ஆள் வரலன்னா எதுலேந்து கட்டுவீங்க?"ன்னு மட்டும் கேளுங்க. பதில் பளிச்சுன்னு வந்தா வாங்கலாம்.

கேள்வி: கையில இருக்கற பணத்துக்கு கடன் இல்லாம ஒரு வீடு வாங்கலாம், இல்ல அதையே பிரிச்சுப் போட்டு லோன்ல நாலஞ்சு வீடும் வாங்கலாம். எது நல்லதுங்க?

பதில்: 100 விலைல உங்க பணம் 20தான்னா, விலை 10 சதவீதம் எறங்கினாலே உங்க காசுல பாதி காலி. ஏறினா லாபமும் அதே வேகத்துல ஏறும், எல்லாரும் அதை மட்டும்தான் சொல்லி ஆசை காட்டுவாங்க. அஞ்சு வீடுன்னா அஞ்சு இஎம்ஐ. அதுக்காக ஒரே வீடுதான் பெஸ்ட்னும் சொல்ல மாட்டேன், ஏன்னா அது காலியா இருந்தா வருமானம் மொத்தமும் நின்னுடும். நானா இருந்தா ரெண்டு சின்ன வீடு, விலைல பாதிக்கு மேல சொந்தப் பணம், மீதிதான் லோன். பேங்க்ல வாடகைக்கு விடப் போறேன்னு மறைக்காம சொல்லிடுங்க, இன்சூரன்ஸும் வாடகை வீட்டுக்குன்னே எடுங்க, குடியிருக்கற வீட்டுக்கான பாலிசின்னா க்ளெய்ம் பண்றப்ப கைய விரிச்சாலும் விரிச்சுடுவாங்க.