பெர்கோலேட்டர் காபி ஏன் கசக்கிறது?

கேள்வி: மகன் வாங்கித் தந்த பெர்கோலேட்டரில், வழக்கமான ஃபில்டர் காபித் தூளையே போடுகிறேன். காபி கசக்கிறது, அடியில் வண்டலும் தங்குகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி ஒருவர், கிருஷ்ணகிரி

பதில்: குறை பாத்திரத்தில் இல்லை, தூளில்தான் இருக்கிறது. நம் பித்தளை ஃபில்டரில் வெந்நீர் தூளின் வழியே ஒரே முறை இறங்கிவிடுகிறது. பெர்கோலேட்டரிலோ, அடியில் கொதிக்கும் நீர் நடுக்குழாயில் மேலேறி, கூடையிலுள்ள தூளின்மேல் பரவி, மீண்டும் அடிக்கே சொட்டித் திரும்பத் திரும்பச் சுற்றி வருவதால், நைசான தூள் தன் கசப்பையெல்லாம் கக்கிவிடுகிறது. சிக்கரியும் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். சிக்கரி இல்லாமல், கோதுமை ரவை போலக் கரகரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள், 200 மி.லி. நீருக்கு 12 கிராம் போதும். மூடியிலுள்ள கண்ணாடிக் குமிழில் நீர் துள்ளத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, 6 அல்லது 7 நிமிடங்களில் இறக்கி, கூடையை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் காபியின் சுவையை மங்கச் செய்வதோடு குழாயிலும் வெள்ளையாகப் படியும் என்பதால், ஒகேனக்கல் குடிநீர் வருமானால் அதையே பயன்படுத்துங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இது ஃபில்டர் டிகாக்‌ஷன் போலக் கெட்டியாக இராது, பாலை வழக்கம்போல ஊற்றினால் காபி வெளுத்துப் போகும்.