சாத்திய கதவும் தாழிட்ட கதவும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓய்வில் மைனஸ் 90 மில்லிவோல்ட் அளவில் இருக்கும் இதயத் தசைச் செல், மைனஸ் 65 என்ற வரம்பை ஒட்டி வந்ததும், செல்லுறையில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் சோடியம் வாயில்கள் திறந்து மின்துடிப்பு எழுகிறது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் ஓய்வு மின்னழுத்தம் மைனஸ் 70-ஐ நோக்கி உயரும் என்றும் படித்திருக்கிறேன். வரம்புக்கு அருகில் வந்துவிட்ட செல் எளிதாகத் துடிக்க வேண்டும் அல்லவா? ஆனால் சிறுநீரகம் பழுதான என் உறவினருக்குப் பொட்டாசியம் ஏறியபோது, ஈ.சி.ஜி. அலை அகன்றுவிட்டது, மின்கடத்தல் மந்தமாகிவிட்டது என்றுதான் மருத்துவர் சொன்னார். எங்கே பிழை?

செ.

அன்புள்ள செ.,

பிழை என்னுடையது. வாயில் திறப்பதை விளக்கிய நான், அது அடைபடுவதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

சாத்திய கதவு தள்ளினால் திறக்கும். தாழிட்ட கதவு திறக்காது. சோடியம் வாயிலுக்கு இந்த இரண்டு நிலைகளும் உண்டு. மின்னழுத்தம் ஏறியதும் ஒரு மில்லிசெகண்டுக்குள் திறக்கும் வாயிலை, அதே ஏற்றமே அடுத்த சில மில்லிசெகண்டுகளில் தாழிட்டும்விடுகிறது. செல் மறுபடி ஆழ்ந்த எதிர்மின் நிலைக்கு இறங்கினால்தான் அந்தத் தாழ் விலகும். பொட்டாசியம் கூடிய இதயத்தில் செல் அவ்வளவு ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. ஆகவே அடுத்த தூண்டல் வரும்போது வாயில்களில் கணிசமானவை தாழிட்ட நிலையிலேயே இருக்கின்றன. உடலியங்கியலாளர் சில்வியோ வைட்மன் 1955-இல் பர்க்கின்ஜி இழைகளில் (கீழறைகளுக்கு மின்துடிப்பைக் கடத்தும் இழைகள்) காட்டியது இதைத்தான்: மைனஸ் 70-ஐ ஒட்டிய அளவிலேயே சோடியம் மின்னோட்டத்தில் ஏறத்தாழ பாதி போய்விடுகிறது.

உங்கள் தர்க்கமும் ஓரளவு சரியே. பொட்டாசியம் மிகச் சிறிதளவே கூடும்போது, வரம்பு நெருங்குவதால் கடத்தல் சற்று விரைவதுண்டு. அதற்கு மேல் ஏறினால் தாழிடுதல் மேலோங்கிவிடுகிறது. துடிப்பு எழும் வேகம் குறைந்தால் பக்கத்துச் செல்லுக்குப் பாயும் மின்னோட்டமும் மெலிகிறது; வழக்கமாக 100 மில்லிசெகண்டுக்குள் கீழறைகள் முழுவதும் பரவிவிடும் அலை, அதைவிட நீண்ட நேரம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் மருத்துவர் கண்ட அகலம் அதுதான். (இதயத்துக்குத் தாளம் கொடுக்கும் சைனஸ் கணுவின் செல்கள் நலமாக இருக்கும்போதே மைனஸ் 60 அளவுக்கு மேல் இறங்குவதில்லை, அங்கே துடிப்பை எழுப்புவது பெரும்பாலும் கால்சியம் மின்னோட்டம்தான்.)

என்னை அதிகம் வியக்கவைப்பது இதற்கு நேர்மாறான கோளாறு. எஸ்.சி.என்.5.ஏ. என்னும் மரபணு உருவாக்கும் இந்த வாயிற்புரதத்தில், தாழாகச் செயல்படும் உட்புற வளைவிலிருந்தே மூன்று அமினோ அமிலங்கள் விடுபட்டிருந்த குடும்பங்களை 1995-இல் கண்டறிந்தார்கள். அவர்களுடைய வாயில்கள் தாழிட்ட பின்பும் இடையிடையே மறுபடி திறந்துகொண்டன. அப்படிக் கசியும் மின்னோட்டம் உச்ச அளவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் மின்துடிப்பு ஏறிய பின் சிறிது நேரம் அதே உயரத்தில் நிற்கும் சமதளக் கட்டத்தில் உள்ளே வருவதும் வெளியே போவதும் கிட்டத்தட்டச் சமமாக நிற்பதால், அந்தச் சிறு கசிவே துடிப்பை நீட்டித்து ஆபத்தான தாளக்கேடுகளுக்கு இடம் கொடுத்துவிடுகிறது. மூன்றாம் வகை நீள் க்யூ.டி. நோய்க்குறி என்று அதற்குப் பெயர்; கீழறைகளில் மின்துடிப்பு தொடங்கி அடங்கும் வரையான நேரத்தை ஈ.சி.ஜி.யில் காட்டுவதே க்யூ.டி. இடைவெளி. இந்தக் கசிவைக் குறைக்கும் மெக்சிலெடின் என்னும் மருந்து, அந்த நோயாளிகளில் பலருக்கு நீண்ட க்யூ.டி. இடைவெளியைக் குறுக்குகிறது.

தாழிடுதலைச் சேர்த்துக் கட்டுரையின் அந்தப் பத்தியைத் திருத்திவிட்டேன்.