சண்டை அவர்களுக்குள், கையெழுத்து மட்டும் என்னுடையதா?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சேகர (பல கிறிஸ்தவ சபைகள் சேர்ந்த வட்டாரம்) அலுவலகத்தில் 12 ஆண்டுகளாக எழுத்தராக இருக்கிறேன். புதிதாக வந்த சேகர குருவுக்கும் செயலாளருக்கும் முகம் கொடுத்துப் பேச்சே இல்லை. அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அரிசி வாங்கியதாக 42,000 ரூபாய்க்கு, இரண்டு மாதம் முந்தைய தேதி போட்டு வவுச்சர் எழுதச் சொன்னார் செயலாளர். வாங்கியதற்குப் பில் இல்லை. குரு ‘எழுதாதே’ என்றார். நான் எழுதவில்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று செயலாளர் சொல்லிவிட்டார். சபை வாட்ஸ்ஆப் குழுவில் ‘காணிக்கைத் திருடன்’ என்றும் எழுதியிருக்கிறார். நியமனக் கடிதம் கிடையாது. என்ன செய்வது?

பதில்: எழுதாமல் விட்டீர்களே, அதுவே பாதி வழக்கு. ஏமாற்றும் நோக்கத்தோடு கணக்கைத் திரித்து எழுதும் எழுத்தருக்கு பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டம்) 344-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. ‘செயலாளர் சொன்னார்’ என்பது அங்கே எடுபடாது.

குருவையும் முழுக்க நம்பி இருந்துவிடாதீர்கள். அவர் மாற்றலாகிப் போய்விடுவார். செயலாளர் அதே தெருவில்தான் இருப்பார். நாளைக்கே இருவரும் சமாதானமாகிவிட்டால் நடுவில் நிற்பது நீங்கள்தான். அதனால் இனி எதுவும் வாய்ப்பேச்சாக வேண்டாம்.

செயலாளர் தனியாளாக உங்களை நீக்க முடியுமா என்பதைத் திருமண்டல (பேராயரின் கீழ் உள்ள சேகரங்களின் தலைமை அமைப்பு) விதிகளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சேகரக் கமிட்டித் தீர்மானம் உண்டா என்று கேளுங்கள். சேகரத் தலைவர் என்ற முறையில் குருவுக்கும், நகல் திருமண்டல அலுவலகத்துக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள்: இன்ன தேதியில் வாய்மொழியாக நிறுத்தப்பட்டேன், தீர்மான நகல் வேண்டும், வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். இந்தக் கடைசி வரி விட்டுப்போனால், ‘அவராகவே நின்றுகொண்டார்’ என்பார்கள். ராஜினாமா மட்டும் எழுதித் தராதீர்கள்.

தொழிலாளர் நீதிமன்றத்தை அதிகம் எதிர்பார்க்காதீர்கள்; வேலையிடம் சட்டப்படி ‘தொழில்’ என்று கருதப்பட்டால்தான் அங்கே போக முடியும். 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘தொழில்’ என்ற சொல்லை வெகுவாக விரித்தாலும், ஆன்மிகப் பணியை வெளியே வைத்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்போ தர்ம நிறுவனங்களையும் விலக்குகிறது. சிவில் நீதிமன்றமும் பொதுவாக ‘இவரைத் திரும்ப வேலையில் அமர்த்து’ என்று உத்தரவிடாது. சம்பளப் பாக்கியும் நஷ்ட ஈடும் கேட்கலாம். பாக்கிக்கு 3 ஆண்டு கெடு. நியமனக் கடிதம் இல்லாவிட்டால் என்ன? உங்கள் கையெழுத்துள்ள சம்பளப் பதிவேடும் வங்கிப் பாஸ்புக்கும் போதும்.

வாட்ஸ்ஆப் பதிவைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். அது அதே சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி அவதூறு. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியாது; மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், இப்போதைக்கு வக்கீல் நோட்டீஸோடு நிறுத்துவேன். அடுத்த ஞாயிறும் அவரோடு ஒரே கோயிலில்தானே உட்கார வேண்டும்!

காணிக்கைப் பெட்டிச் சாவியும் அலமாரிச் சாவியும் உங்களிடம் இருந்தால் உடனே ஒப்படைத்துவிடுங்கள். இருப்புப் பணத்தைக் கமிட்டி உறுப்பினர் இருவர் முன் எண்ணி, தொகையும் ரசீதுப் புத்தக எண்களும் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு.